மிஞ்சிய கைக்கண்ணாடி

எனக்குப் பொறுமை கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டும் சொல்லவில்லை. சிலருக்குக் காது பெரிதாக இருக்கும், எனக்கு இது. பஸ் நிற்பதற்குள் படிக்கட்டுக்கு வந்துவிடுவேன். பசை காய்வதற்குள் ஒட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்பிரஸ். கோபம் வந்தால் மட்டும் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம், அதனால் என் சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிடும் போலிருக்கிறது.

அப்படிப்பட்டவளிடம் ஒரு விடுமுறை நாளில், "மதியத்துக்கு மேல போன் வரும், இருங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

போன் வரவேண்டியது குழந்தைகள் இல்லத்திலிருந்து. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இனி இல்லை என்று தெரிந்தபிறகு வருஷக்கணக்கில் அதைப் பற்றிப் பேசாமலே இருந்தோம். பேச ஆரம்பித்தபிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நடந்தது. வந்து வீட்டைப் பார்த்தார்கள். எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். பிறகு ஒரு பெண்குழந்தையைக் காட்டினார்கள். ஏழு வயது. மூன்று தடவை போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தோம். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தக் குழந்தை வாயைத் திறந்து 'சரி' என்று சொல்லவேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையைக் கேட்காமல் யாரோடும் அனுப்பமாட்டோம் என்று இல்லத்துப் பொறுப்பாளரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

"அவளைப் பக்கத்துல உட்காரவெச்சுக்கிட்டுதான் கூப்பிடுவேன். எதுவானாலும் அவ வாயாலயே சொல்லட்டும். நீங்க போனை மட்டும் எடுத்துடுங்க. இதுக்கு முன்னாடி அவளைப் பார்க்க வந்துக்கிட்டு இருந்தவங்க, திடீர்னு போன் எடுக்கறதையே நிறுத்திட்டாங்க. மணி அடிச்சு அடிச்சு நின்னுபோறதை இவ பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தா. அது அவளுக்கு இன்னும் ஆறலை" என்றார் அவர்.

அந்தக் குழந்தை எங்களை வேண்டும் என்பாள் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. என் வீட்டுக்காரர்மேல் அவளுக்குப் பிரியம் விழுந்துவிட்டது, அது தெரிந்தது. சந்தேகமெல்லாம் என்மேல்தான். கடைசியாகப் போனபோது நான் செய்துவிட்டு வந்த காரியம் அப்படி.

இல்லத்தில் எல்லோரும் அவளை நத்தை என்று கூப்பிடுகிறார்கள், செல்லமாகத்தான். எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டாள். பொம்மையைவிட அது வந்த பெட்டியை அவளுக்குப் பிடிக்கும், பெட்டியைவிட அதைத் திறப்பது பிடிக்கும். டேப்பின் முனையை நகத்தால் நெருடிக் கிளப்பி, அறுந்துவிடாமல் முழுசாக உரித்து, மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றிக்கொள்வாள். நாங்கள் வாங்கிப்போன பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு நெருட ஆரம்பித்தாள். பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், "குடும்மா இப்படி" என்று வாங்கி, ஒரே இழுப்பில் கிழித்துத் திறந்து கையில் கொடுத்துவிட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைப்பு.

அவள் கிழிந்த டேப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நான் திறந்திருப்பேன்" என்றாள். அழவில்லை. பொம்மையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். நாங்கள் கிளம்பும்வரை அதைத் தொடவே இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தேன். "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலை பாருங்க. இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு டேப்பை உரிக்கற நேரம் காத்திருக்க முடியலை."

"விடு, குழந்தைங்க மறந்துடுவாங்க" என்றார் அவர். அவர் பொய் சொன்னால் மூக்கைத் தேய்ப்பார். தேய்த்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய் ஒரு காகிதக் கைவேலை கிட் வாங்கிவந்தேன். உள்ளே பூப்போட்ட அட்டைகள், மடிக்கவேண்டிய கோடுகளை அழுத்தியே வைத்திருந்த ஒரு டஜன் பெட்டிகள், ரிப்பன், ஸ்டிக்கர், ஒரு டேப், ஒரு பசைக்குழாய், திறந்தால் சின்ன வீடு ஒன்று எழுந்து நிற்கிற வாழ்த்து அட்டைக்கான துண்டுகள். மேலே 'எட்டு வயது முதல்' என்று அச்சடித்திருந்தது. "நமக்கு வயசு பத்துமா?" என்று கேட்டார் அவர்.

என் திட்டம் இதுதான். பெட்டிகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பொருளை வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி அவளுடைய அறையில் அடுக்கி வைத்துவிடவேண்டும். அவள் தன் இஷ்டத்துக்கு உரிக்கட்டும், ஒரு பெட்டிக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டாலும் சரி. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் இந்தப் பெட்டிகளை என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. யோசித்தேன், உண்மையைச் சொன்னால் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன் வரவேண்டிய மதியம், இங்குமங்கும் நடந்தது போதும் என்று அவர் என் கையைப் பிடித்து மேசைமுன் உட்காரவைத்தார். மேசையின் அந்தக் கோடியில் அவர் வாழ்த்து அட்டையை எடுத்துக்கொண்டார். இந்தக் கோடியில் நான் பெட்டிகளோடு உட்கார்ந்தேன்.

நாங்கள் இருவருமே ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் பேக்கிங். அட்டையை மடித்து, பொருளை வைத்து, மூடி, டேப் ஒட்டி பெல்ட்டில் தள்ளுகிறவள். பெல்ட்டின் கடைசியில் எடை பார்க்கிறவர் அவர். எங்கள் லைனில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு, திறந்த பெட்டி கையைத் தாண்டிப் போகக்கூடாது. உள்ளே என்ன போகிறது என்று கண் பார்க்காது. வலது கை பக்கத்தில் இருப்பதை எடுத்து வைக்கும், இடது கை மூடும். தப்பு நடந்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும், பெட்டி திரும்பி வந்துவிடும். "உன் பெட்டி ஒண்ணைத் திருப்பி அனுப்பி அந்தச் சாக்குல பேசலாம்னு பார்த்தேன், ஒண்ணுகூடத் தப்பா வரலை. வேற வழியில்லாமதான் நேரா வந்து கேட்டேன்" என்று எங்கள் கல்யாணக் கதையை அவர் எல்லோரிடமும் சொல்வார்.

போனைக் கண்முன்னால் வைத்திருந்தேன். அது அடித்தது. எடுத்தால் என் நாத்தனார், இவருடைய அக்கா.

"என்ன, கூப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்லை அண்ணி."

"இந்நேரம் கூப்பிட்டிருக்கணுமே. வேண்டாம்னு சொல்லிட்டாளோ என்னவோ. அதை எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னு தயங்கறாங்களோ?"

"அப்படியெல்லாம் இருக்காது அண்ணி. போனை வெச்சுடறேன், அவங்க கூப்பிடற நேரம்."

வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது, மறுபடி அண்ணிதான். கேட்க மறந்துவிட்டாராம், குழந்தை எந்தக் கையால் எழுதுகிறாள் என்று. ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் துள்ளி எழுந்து ஏமாற இனி முடியாது என்று சத்தத்தை அணைத்து அதிர்வில் மட்டும் வைத்தேன். கண்முன்னாலேயே கிடக்கிறது, அதிர்ந்தால் தெரியாதா? திரை அடிக்கடி வெளிச்சம் போட்டு ஏமாற்றியதால் அதைக் குப்புறக் கவிழ்த்தும் வைத்தேன்.

"ஏங்க, கதவை உள்பக்கமா ஒட்டியிருக்கீங்க" என்றேன், அவருடைய அட்டை வீட்டைப் பார்த்து.

"உள்ளே இருக்கறவங்க திறந்துக்கட்டுமே" என்றார், கரண்டியின் பின்பக்கத்தால் மடிப்பைத் தேய்த்துக்கொண்டே. ஒரு மடிப்பை எத்தனை நேரம் தேய்ப்பார் மனுஷன்! அவரையும் அந்தக் குழந்தையையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

என் பக்கத்தில் பொருள்களை வரிசையாகப் பரப்பியிருந்தேன். சலங்கை மணி, கிளிப், பாசிமணிப் பொட்டலம், பென்சில் சீவி, சிப்பி, பளபளவென்று ஒரு கோலி, கறுப்பு உறை போட்ட ஒரு கைக்கண்ணாடி, இப்படி ஏதேதோ. என் கைக்கு ஒரு குணம் உண்டு. மனசு எவ்வளவு பறக்கிறதோ அவ்வளவு வேகமாக அது ஓடும். அவள் என்ன சொல்வாள்? மடி. 'அந்த ஆன்ட்டி வேண்டாம்' என்பாளோ? வை. அவரை மட்டும் பிடித்திருக்கிறது என்று சொன்னால்? மூடு. டேப்பைச் சுற்றிலும் மூன்று சுற்று ஒட்டினேன், அவளுக்கு உரிக்க நீளமாகக் கிடைக்கவேண்டும் என்று. முனையைக்கூடத் தெரியாதபடி அழுத்தித் தேய்த்தேன். கடைசிப் பெட்டியையும் அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவர் இன்னும் ஜன்னல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மேசையில் கைக்கண்ணாடி கிடந்தது.

எங்கள் லைனில் சொல்வார்கள், பொருள் மிஞ்சினால் ஏதோ ஒரு பெட்டி பொய் சொல்கிறது என்று. ஒரு டஜன் பெட்டி, ஒரு டஜன் பொருள். பெட்டியெல்லாம் மூடியாயிற்று. கண்ணாடி மட்டும் வெளியே இருக்கிறது. அப்படியானால் அதற்குப் பதிலாக எதை உள்ளே வைத்தேன்? முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு போனைத் தேடினேன்.

"ஏங்க, போனைப் பார்த்தீங்களா?"

"உன் முன்னாடிதானே இருந்தது."

"இருந்தது. இப்ப இல்லை."

அவர் கண்ணாடியைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடை பார்க்கிறவருக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. "சரி, பதறாதே. நான் ஒரு ரிங் கொடுக்கறேன், எதுல அதிருதுன்னு தெரிஞ்சுடும்" என்று தன் போனை எடுத்தார்.

பாய்ந்து பிடுங்கினேன். "கூப்பிடாதீங்க! அந்த நேரம் பார்த்து அவங்க கூப்பிட்டா லைன் கிடைக்காது!"

"அப்ப ஒவ்வொண்ணா தூக்கிப் பார்த்துடலாம். போன் கனம் தனியாத் தெரியும்."

சொல்லி வாய் மூடவில்லை, மேசை உறும ஆரம்பித்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள் எல்லாமே சேர்ந்து நடுங்கின. எந்தப் பெட்டியில் கை வைத்தாலும் அதிர்ந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் என் கை ஓடியது, அதுதான் வினை. மேலே இருந்த பெட்டியை எடுத்துக் கிழித்தேன். சலங்கை மணி உருண்டது.

"கிழிக்காதே! கையில எடுத்துப் பாரு, போதும்!"

"அவ பக்கத்துல உட்கார்ந்திருக்கா! கேட்டுக்கிட்டு இருக்கா!"

அவர் அடுக்கின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி எடை பார்த்து இறக்கி வைத்தார். அவர் இறக்கி வைத்ததையும் நான் கிழித்தேன். ரிப்பன் பறந்தது. பாசிமணிகள் தரையெல்லாம் சிதறின. பூப்போட்ட மூடிகள் காலடியில் நசுங்கின. பதறாத காரியம் சிதறாது என்பார்களே, என் காரியம் அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது.

"இதுதான்" என்றார் அவர்.

அவர் கையில் இருந்தது மட்டுந்தான் கிழியாத பெட்டி. வண்டு புகுந்ததுபோல அது அவர் கையில் துடித்துக்கொண்டிருந்தது. முனையைத் தேடித் தடவினார், கிடைக்கவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று அழுத்தித் தேய்த்தவள் நான்தானே. பிடுங்கிப் பல்லால் கடித்தேன். அட்டை பிய்ந்தது. உள்ளே விரலை விட்டதும் அதிர்வு நின்றுவிட்டது.

திரையில் இல்லத்தின் எண். எடுக்காத அழைப்பு.

என் வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. அந்த அலுவலக அறை எனக்குத் தெரியும். மேசைக்குப் பக்கத்தில் உயரமான நாற்காலி, அதில் உட்கார்ந்தால் அவள் கால் தரையைத் தொடாது. அங்கே உட்கார்ந்துதான் இன்னொரு தடவை மணி அடித்து நின்றுபோனதைக் கேட்டிருப்பாள். என் அவசரத்தால் ஒரு தடவை அவள் முகம் வாடியது, இப்போது மறுபடியும்.

திருப்பிக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடி கூப்பிட்டேன். பிஸி. மறுபடி விரலை வைத்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அவங்களும் நம்மளைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. நீ அடிச்சுக்கிட்டே இருந்தா எப்படிக் கிடைக்கும்? கீழே வை. திரும்பக் கூப்பிடுவாங்க."

அவர் மூக்கைப் பார்த்தேன். தேய்க்கவில்லை.

போனை மேசையில் வைத்தேன். கை அதை நோக்கியே போனது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். சும்மா இருப்பது இத்தனை கஷ்டமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கால் தானாக ஆடியது, அதையும் நிறுத்தினேன். அவர் தரையிலிருந்து பாசிமணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு மணியைப் பொறுக்கி, உற்றுப் பார்த்து, கிண்ணத்தில் போட்டு, அடுத்ததற்குப் போனார். அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

போன் அதிர்ந்தது.

"ஏன் எடுக்கலை? அவ்வளவு சொல்லியிருந்தேனே" என்றார் பொறுப்பாளரம்மா. குரலில் கோபம் இருந்தது, அது நியாயந்தான்.

"அம்மா, மன்னிச்சுடுங்க. போன் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. அவளுக்காகப் பெட்டி செஞ்சுக்கிட்டு இருந்தோம், கை தவறி உள்ள போட்டு மூடிட்டேன்…"

அந்தப் பக்கம் ஏதோ குசுகுசுப்பு. போன் கை மாறுகிற சத்தம். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. அவள்தான்.

"போனைப் பெட்டிக்குள்ள யாரு போட்டா?"

"நான்தான்."

"டேப் ஒட்டியா?"

"ஆமா. சுத்தி மூணு சுத்து."

யோசித்தாள். "அப்புறம் எப்படித் திறந்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். மெதுவாக உரித்தேன், அதனால்தான் நேரமாகிவிட்டது என்று சொன்னால் நம்பிக்கூட இருப்பாள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடும்போது பொய்யை வாசலில் வைத்தா கூப்பிடுவது?

"கிழிச்சுட்டேன்" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். எதுல இருக்குன்னு தெரியலை. நீ காத்துக்கிட்டு இருப்பியே, நாங்க எடுக்கலைன்னு நினைச்சுடுவியேன்னு பயந்துட்டேன்."

"அந்தப் பெட்டியெல்லாம் யாருக்கு?"

"உனக்கு. நீ உரிக்கறதுக்கு."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. எனக்கு நூறு விஷயம் சொல்லத் தோன்றியது. அன்றைக்கு உன் பெட்டியைப் பிடுங்கியது தப்பு, இனி அப்படிச் செய்யமாட்டேன், உனக்கு ஜன்னல் பக்கத்து அறை, வா, தயவுசெய்து வா. எதையும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் தன் முனையைத் தேடிக்கொண்டிருக்கிறாள், நான் இழுக்கக்கூடாது. அவர் கையில் கிண்ணத்தோடு தரையில் மண்டிபோட்டபடியே என்னை அண்ணாந்து பார்த்தார்.

"திரும்ப ஒட்டி வைங்க" என்றாள் கடைசியில். "நான் வந்து திறக்கறேன்."

"ம்" என்றேன்.

"மெதுவாத்தான் திறப்பேன். நீங்க தொடக்கூடாது."

"தொடமாட்டேன்."

பிறகு பொறுப்பாளரம்மா வாங்கிப் பேசினார். எப்போது வரவேண்டும், யார் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஏதோ சொன்னார். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றேன். ஒன்றும் காதில் ஏறவில்லை.

போனை வைத்ததும் அவர், "என்ன சொன்னா? சொல்லேன், என்ன சொன்னா?" என்று பதறினார். அத்தனை வருஷத்தில் அவர் பதறி அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து, காலடியில் நசுங்கிக் கிடந்த ஒரு மூடியை எடுத்து மடிப்புக் கோட்டை நிமிர்த்தினேன்.

"டேப்பை எங்க வெச்சீங்க?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.